டோங்கியில் பானுவின் இடம்

திக்லிபூர்
23.11.2025

அன்பு மருமகள் பானுவுக்கு மாமா எழுதுவது.

எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, கோபிக்காதே அம்மா. என் கைக்குத் துடுப்புதான் பழக்கம். முதியோர் வகுப்பில் படித்து நானே எழுதும் முதல் கடிதம் இது. உன் பெயரை எழுதியதும் உன் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தோசை தீயுது, அப்புறம் பாக்குறேன்" என்றாள்.

நீ படகுத்துறையில் மயங்கி விழுந்ததாக மகன் உதயா போனில் சொன்னான். இடுப்புக் கொழுப்பு குறைய, வயிற்றில் நல்ல கிருமி வளர்க்கும் ஏதோ மாத்திரையாம், ராத்திரி சோறே கிடையாதாம். கேட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

போன மாதம் கழியைக் கடக்கும்போது நம் டோங்கிப் படகில், "பானு அந்தப் பக்கம் உக்காரட்டும், இந்தப் பக்கம் ரெண்டு அரிசி மூட்டைய வை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆளைப் பார்த்ததும் எடை பார்த்து உட்கார வைப்பது படகுக்காரன் பழக்கம். ஆனாலும் வாய் என்னுடையதுதானே. அதனால்தானா அம்மா?

பழனியாண்டி

வண்டூர்
2.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் நான் வேலை பார்க்கும் டிக்கெட் கவுண்டரில் எல்லாருக்கும் காட்டினேன். கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

மயக்கம் மாத்திரையால் இல்லை, பட்டினியால்தான். "இந்த மாத்திரையில கொஞ்சம் குறையலாம், குறையாமலும் போகலாம். பட்டினி கிடக்கச் சொன்னது யாரும்மா?" என்று டாக்டர் திட்டினார். யாரும் இல்லை என்றேன். அரிசி மூட்டை என்று எப்படிச் சொல்வது?

அன்று சிரித்தது ஊருக்காக மாமா. பொங்கலுக்கு உங்கள் மகனை மட்டும் அனுப்புகிறேன். அத்தையிடம் எனக்கு லீவு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

பானு

திக்லிபூர்
14.12.2025

அம்மா பானு,

உன் கடிதத்தை யார் துணையும் இல்லாமல் படித்தேன். சந்தோஷமாகத்தான் தொடங்கினேன். அரிசி மூட்டை வந்த வரியில், படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நேற்று டோங்கியில் யாரையும் இடம் சொல்லி உட்கார வைக்கவில்லை. அவரவர் இஷ்டம். ஒரு பக்கம் சாய்ந்தது. "க்யா சாச்சா, டுபாயேகா க்யா?" என்று பெங்காலிக்காரர் கத்தினார், மூழ்கடிக்கவா பார்க்கிறாய் என்று. நான் எழுந்து மறுபக்கம் போய் நின்றுகொண்டே துடுப்பு போட்டேன். படகு நிமிர்ந்துவிட்டது. இத்தனை வருஷமும் இப்படிச் செய்திருக்கலாம்.

மாத்திரை போடுவதும் விடுவதும் உன் விருப்பம். பொங்கலுக்கு வா என்று கேட்க எனக்கு முகமில்லை. வந்தால் பிடித்த இடத்தில் உட்கார். மறுபக்கம் நான் நிற்கிறேன். அத்தையிடம் உனக்கு லீவு இல்லை என்று பொய் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறும் எழுதுவேன். பதில் வேண்டாம் அம்மா. ராத்திரி சாப்பிட்டாய் என்று உதயா சொன்னால் போதும்.

மாமா
பழனியாண்டி