டேப் சுற்றிய ரோப்

அன்பு மகள் ஹெலனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். போபால் குளிரில் உனக்கு இருமல் விட்டதா, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, அதை முதலில் எழுது. இங்கே ஸ்டேஷன் பக்கம் சாலையைத் தோண்டிப் போட்டு மூன்று மாதம் ஆகிறது, மூட ஆளில்லை, அம்மாவின் கம்பெனி வேன் இப்போது கவரைப்பேட்டைக்குள் வருவதில்லை, ஹைவே வரை நடந்துபோய் ஏறுகிறாள். போனில் ஆரம்பித்தாலே லேபில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். அவசரப்படாமல் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வீடியோவை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். போட்டிக்கு நீங்கள் செய்த ரோபோ, பெட்டியைத் தூக்கி மேலே வைத்ததும் அம்மா கைதட்டினாள், பக்கத்து வீட்டு ஈஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். என் கண் பெட்டியில் நிற்கவில்லை. தூக்குகிற ஸ்டீல் ரோப்பில், கொக்கிக்கு ஒரு சாண் மேலே கறுப்பு டேப். பெட்டியைப் பிடிக்கிற மோட்டாருக்குப் போகிற சிவப்பு வயரையும் அதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள். கேட்டதற்கு, "இழை பிஞ்சி கையில குத்திச்சிப்பா, நீ பிரேக் கேபிள்ல சுத்துவியே, அதே மாரி சுத்திக்கினேன்" என்றாய். அதைக் கேட்டதிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

என்னிடமிருந்து கற்றதுதான் அது. எங்கள் இரும்பு மில்லில் கம்பிக் கட்டுகளைக் கிரேனில் மாட்டுகிற ரோப் குத்துகிறது, கையுறை கொடுங்கள் என்றால் காண்ட்ராக்ட் ஆளுக்குக் கிடையாது என்பார்கள், பெர்மனெண்ட் ஆளுக்கு மாதம் ஒரு ஜோடி. எங்கள் கை என்ன தகரமா? குத்துகிற இடத்தில் டேப் சுற்றிக்கொள்வோம், பதினாறு வருடமாகச் சுற்றுகிறேன். என்னோடு வேலை பார்த்த பீட்டர் மாமா கவனமில்லாமல் நின்றதால் லோடு விழுந்து கை போனது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பொய். கம்பெனி எழுதி நீட்டிய தாளில் அப்படி இருந்தது, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். டேப்புக்கு அடியில் ரோப் துருவேறி இழை இழையாக அறுந்துகொண்டே வந்திருக்கிறது, மேலே பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த டேப்பைச் சுற்றியது யார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நான்தான்.

நேற்று ஷிப்டில் அதேபோல் டேப் சுற்றிய ரோப் ஒன்று என் கைக்கு வந்தது. உன் வீடியோதான் ஞாபகம் வந்தது. கத்தி வாங்கி டேப்பை அறுத்தேன், பதினோரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் லோகு வந்து, "இன்னாண்ணே, லோடு நின்னுக்கினு கீது, நீ கவுறு ஆராய்ச்சி பண்ணிக்கினு கீற? பொண்ணு இன்ஜினியருக்குப் படிச்சா நீயும் இன்ஜினியரா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இதில் நான் மாட்டமாட்டேன், மாட்டச் சொல்கிறவன் லோடுக்குக் கீழே வந்து நிற்கட்டும் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. கேட் பாஸை வாங்கிக்கொண்டு இனி வரத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டான். அம்மா, "இத்தினி வருசம் மூடிக்கினு இருந்த வாயி, இப்பதான் தொறக்கணுமா" என்று திட்டிவிட்டு வேனுக்குப் போயிருக்கிறாள்.

நீ முதலில் பெட்டியைத் தரையில் இறக்கு, அப்புறம் பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்று, சுவிட்சை அணைத்தது போதும் என்று கையை உள்ளே விடாதே. ரோப்பைத் தளர்த்திவிட்டு டேப்பை அறு. வெறுங்கையால் உருவாதே, பழைய துணியால் தடவு, நூல் சிக்குகிற இடத்தில் இழை போயிருக்கிறது என்று அர்த்தம். போயிருந்தால் புது ரோப்தான், முடிச்சுப் போட்டு ஓட்டாதீர்கள். சிவப்பு வயரைத் தனி வழியில் கொண்டுபோங்கள், பிய்ந்த இழை அதன் தோலைக் குத்திவிட்டால் ரோப், ரோபோ உடம்பு எல்லாவற்றிலும் கரண்ட் பாயும். பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது என்பாய். அடிக்காது, சுட்டு எரிக்கும், அதனால் மோதிரத்தைக் கழற்றி வை. பியூஸ் போனால் அதே அளவு பியூஸ் போடு, நம் வீட்டில் நான் செம்புக் கம்பி சுற்றியதை மறந்துவிடு.

சனிக்கிழமை போட்டி, நேரமில்லை என்று உங்கள் கேப்டன் விமல் சொல்வான். வீடியோவில் அவன் ரிமோட்டோடு பத்தடி தள்ளி நிற்கிறான், ரோப் பக்கத்தில் இருப்பது உன் கை. அதை அவனிடம் எல்லோர் முன்னாலும் சொல். கேட்கவில்லையா, வெளியே வந்துவிடு, தோற்றால் தோற்கட்டும்.

நான் இப்போது பீட்டர் வீட்டுக்குப் புறப்படுகிறேன். வாசலில் நின்று எப்படி ஆரம்பிப்பேன் என்று தெரியவில்லை.

ஆண்டவர் உன் பத்து விரலையும் பத்திரமாக வைத்திருக்கட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். டேப்பை அறுத்தபின் ரோப்பைப் படம் எடுத்து அனுப்பு, கப் வாங்கிய படம் அப்புறம் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா சின்னதுரை
கவரைப்பேட்டை