ஒற்றை நட்சத்திரம் போட்டவருக்கு

என்னங்க,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. கோபம் என் மேல்தானே, வயிற்றைப் பட்டினி போடாதீர்கள். பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். போன தடவை மாதிரி, "உண்மைய சொல்லு, பைப்பை உடைச்சது யாரு?" என்று விசாரணை வைக்க வேண்டாம்.

சின்ன வயதில் நீங்கள் உயிராகப் பார்த்த போலீஸ் தொடரைக் கிண்டலடித்துப் படம் எடுத்துவிட்டார்கள். வருத்தம் புரிகிறது. அதற்காக விமர்சனப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, "சிரித்தவர்களுக்கு மூளையே கிடையாது" என்று எழுத வேண்டுமா? எழுதியதும் எழுதினீர்கள், என் போனிலா எழுதுவது? என் பெயரில், என் போட்டோவோடு வந்திருக்கிறது. நேற்று தியேட்டரில் நம்மோடு உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்த உங்கள் தங்கை காலையிலேயே கூப்பிட்டு, "யாருக்கு அண்ணி மூளையில்ல?" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

நான் அதை அழிக்கவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன்: "இதை எழுதியவர் என் கணவர். இன்ஸ்பெக்டர் தனக்கே விலங்கு மாட்டிக்கொண்டு சாவியை விழுங்கியபோது, கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கியவர்." அதற்குள் இருநூறு பேருக்குப் பிடித்துவிட்டது.

வீட்டுச் சாவி டிராயரில். விழுங்க வேண்டாம்.

மறந்துவிட்டேன்: அதே படத்தின் சாயங்காலக் காட்சிக்கு நம் இரண்டு பேருக்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். "வரமாட்டேன்" என்று முறுக்கிக்கொள்ளாதீர்கள். கைக்குட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். பல் பதிந்து கிழிந்த இடம் அப்படியே இருக்கிறது. உங்கள் தொடரில் இதைத்தானே தடயம் என்பார்கள்?