இரண்டு தட்டு

பாய்,

நேற்று பாண்டி பஜாருக்குச் செருப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து என் முன்னால் வைத்தார். புதுத் தோலும் அதைப் பதனிடுகிற ஆவாரம்பட்டையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. தோல் மண்டியில் வேலையை முடித்துவிட்டு நேரே மைதானத்துக்கு வருவாயே, அப்போது உன்மேல் அடிக்கும் வாசனை. செருப்பே வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டேன். நீ பெங்களூரில் கண்ணை மூடிய செய்தி கிடைத்து ஒரு மாதமாகிறது. இதையெல்லாம் நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் துப்பில்லை.

உன் முதலாளி நடத்திய ஃபுட்பால் டீமை ராயப்பேட்டையே 'மண்டி டீம்' என்றுதான் சொல்லும். நீ அதற்கு கோல்கீப்பர். நான் ஆபீஸ் விட்டதும் டிராமைப் பிடித்து ஓடி வருகிற மயிலாப்பூர்ப் பைத்தியம். கோலுக்குப் பின்னால் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. பெனால்டி அடிக்கிறவன் பந்தை வைத்துவிட்டு நிற்கிற நிற்பிலேயே எந்தப் பக்கம் அடிப்பான் என்று எனக்குத் தெரிந்துவிடும். கையை ஒரு தட்டு தட்டினால் உனக்கு இடது, இரண்டு தட்டினால் வலது. கூட்டத்தில் ஒருவன் கை தட்டுவதை யார் கண்டார்கள்? நீ திரும்பிப் பார்க்கவே மாட்டாய். நான் சொன்ன பக்கம் விழுவாய்.

"பின்னால நீ கீறே. எனக்கு இன்னா பயம் ஐயரே?" என்பாய்.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டியது. உன் முதலாளியும் மண்டியை பெங்களூருக்கு மாற்றினார், டீமையும் சேர்த்து. நீ வந்து சொன்ன அன்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பயந்துண்டு ஓடறியா பாய்?"

"மண்டி போவுது, வேலையும் கூடவே போவுது. நான் மட்டும் இங்க குந்திக்கினு இன்னா பண்றது?"

"குண்டு விழுந்தா எல்லார் மேலயும் விழட்டுமே. நாங்கள்ளாம் இங்கேதானே இருக்கோம்?"

நீ எழுந்து போய்விட்டாய். நீ ரயிலேறிய அன்று நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை.

பயம் தெளிந்து ஜனங்கள் திரும்பி வந்தார்கள். கடைகள் திறந்தன, கபாலி கோயிலில் கூட்டம் கூடியது. மண்டி மட்டும் திரும்பவில்லை. சாயங்காலமானால் பழக்கதோஷத்தில் நாலு பேர் மைதானத்துக்கு வந்து, வெறும் கோல் கம்பத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். சனிக்கிழமைகளில் யார் ஆடவேண்டும், யாரை உட்காரவைக்கவேண்டும் என்று டீக்கடையில் அடிதடி வரைக்கும் போனவர்கள், ரேஷன் அரிசியில் கல் எவ்வளவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு மிச்சம் மீதி ஆட்களை வைத்து ஒரு டீம் கிளப்பினோம். தோற்றுக்கொண்டே இருந்தது. நாங்களும் விடாமல் போய்க் கத்தினோம்.

யுத்தம் முடிந்த பிறகு நீங்கள் வந்தீர்கள், பெங்களூர் டீமாக, அதே மைதானத்துக்கு. உன்னைத் தோளில் தூக்கிச் சுற்றிய அதே ஆட்கள் "ஓடிப்போனவன் வந்துகிறான் பாரு" என்று கத்தினார்கள். நான் என் இடத்தில் நின்றேன். பாதி ஆட்டத்துக்குப் பிறகு நீ என் பக்கத்து கோலுக்கு வந்தாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

ஆளுக்கொரு கோல் இருந்தபோது, முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவன் எங்கள் பையன். அவன் பெனால்டி அடித்துப் பழகுவதை தினமும் பார்த்திருக்கிறேன். நின்ற நிலையே சொல்லிவிட்டது, உனக்கு இடப்பக்கம். மைதானம் கப்சிப்பென்று ஆனது. நீ உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டு குனிந்தாய். திரும்பவில்லை. எனக்காகக் காத்திருந்தாய்.

"இன்னிக்கு இவனுங்கள விடக்கூடாது சார்" என்றான் பக்கத்தில் நின்றவன்.

கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருக்கலாம். அப்படி நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. தட்டினேன். இரண்டு தட்டு.

துளி சந்தேகம் இல்லாமல் நீ வலப்பக்கம் பாய்ந்தாய். பந்து இடப்பக்கம் போயிற்று. யாரோ என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள். நீ சேற்றிலிருந்து எழுந்து, முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாய். என் முகத்தை அல்ல, என் கைகளை.

மறுநாள் மத்தியானம் சென்ட்ரலுக்கு வந்தேன், மன்னிப்புக் கேட்க. ரயில் பெட்டிக்கு முன்னால் உன் கேப்டன் உன்னைக் கடிந்துகொண்டிருந்தார்.

"எதிர்ப்பக்கம் போய் விழுந்தியே, எப்படிப்பா?"

"கண்ணுல வெயிலு அடிச்சிது சார்" என்றாய். முந்தின நாள் முழுக்க மூட்டம், பாய். சூரியனை யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் என்னிடம் வந்தாய். "அடுத்த வருசமும் வருவோம். அதே எடத்துல நில்லு, இன்னா?"

"ஆகட்டும்" என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்காமலே திரும்பினேன்.

மறுவருஷம் நீங்கள் வந்தபோது ஜுரம் என்று பொய் சொல்லிவிட்டு வீட்டிலேயே படுத்திருந்தேன். அன்றும் உனக்கு எதிராக ஒரு பெனால்டி வந்ததாம். ரெஃப்ரி விசில் ஊதியும் நீ எந்தப் பக்கமும் பாயாமல் நடுவிலேயே நின்றாயாம், பந்து உன்னைத் தாண்டிப் போகிறவரைக்கும். "உன் சிநேகிதனுக்கு வயசாயிடுத்துடா" என்றான் பார்த்துவிட்டு வந்தவன்.

இப்போதும் சபாக்களுக்குப் போகிறேன். தனி ஆவர்த்தனம் முடிந்து கைதட்டலில் கொட்டகையே அதிரும்போது என் கைகள் மடியில் கிடக்கும். "ஏன்னா, கை தட்டினா தேஞ்சா போயிடும்?" என்பாள் என் மனைவி. அவளிடமும் சொன்னதில்லை.

நான் தவறிப்போய்த் தட்டவில்லை, பாய். தெரிந்தே தட்டினேன். அது உனக்கும் தெரியும். தெரிந்தும் மறுவருஷம் என் தட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.