ஏழு ரிப்போர்ட்டும் தப்பு

6-7-1953, திங்கள்

விடாத மழை. ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் புடவை முழுக்க ஈரம். லேபில் இன்று ரத்தச் சர்க்கரை ஏழு பேருக்கு. ஏழும் கூடுதல். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. வார்டில் இருக்கும் வித்துரா ஊர் வாத்தியாருக்கு 260. டாக்டர் இன்சுலினைக் கூட்டினாராம்.

வாங்க வேண்டியது: ஊசி, நூல், அம்மாவுக்குக் குடை.

7-7, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். வார்டு சிஸ்டர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். வாத்தியாருக்கு நேற்று சாயங்காலம் வியர்த்துக் கொட்டி, பேச்சே குழறிவிட்டதாம். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகே தெளிவு.

"260 உள்ள ஆளுக்கு இங்ஙனே வருமா, மீனாக்ஷி?"

வராது. காலையில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. சிஸ்டரிடமே கையை நீட்டி ரத்தம் எடுக்கச் சொன்னேன். 152. சர்க்கரை நோயே இல்லாத எனக்கா?

ஸ்டாண்டர்ட் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் நூல் நூலாகப் பூஞ்சை. குளுக்கோஸைத் தின்றிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் கரைசலே பலம் குறைந்தால் யார் ரத்தத்திலும் சர்க்கரை மிகுதியாகத்தான் தெரியும். கொட்டினேன். குளுக்கோஸை எடை போட்டுப் புதுக் கரைசல் செய்தேன். மிச்சமிருந்த என் ரத்தத்தில் மறுபடி: 88.

மணி 11.40. பகல் ஊசி பன்னிரண்டுக்கு. ஓடினேன். வார்டில் டாக்டர், கூடவே நாலைந்து பேர்.

"ஊசி போடாதீங்கோ சார். நேத்திக்கு ரிப்போர்ட் ஏழும் தப்பு."

"ஆரு ஒப்பு போட்டது?" கையெழுத்தைக் கேட்டார் டாக்டர்.

"நான்தான் சார்."

காது சுட்டது. அவர் சிஸ்டரிடம், "ஊசி நிறுத்தணும். எல்லாருக்கும் மறுபடி நோக்கட்டும்."

ஏழு பேருக்கும் புதிதாகப் பார்த்தேன். வாத்தியார் 96. அதன்மேல் அந்த ஊசி ஏறியிருந்தால்!

அம்மா: "நாலு பேர் முன்னாடி நான்தான் தப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கியே. வேலை போயிடுத்துன்னா?"

போகட்டும். ரசம் சாதம் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாளில் இன்றுதான் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

8-7, புதன்

தூறல். லேப் சுவரில் தாள் ஒட்டினேன்: "தினமும் முதலில் நோயில்லாத ஒருவர் ரத்தம். அது சரியாக வந்தால் மட்டுமே மற்றவை." இன்று என்னுடையது 86. சரி.

ஒருநாளும் லேபுக்குள் வராத டாக்டர் வந்தார். திட்டத்தான் என்று நினைத்தேன். தாளைப் படித்தார். சட்டைக் கையை மடக்கினார்.

"நோயில்லாத இன்னொரு ஆளு. காப்பி கூடக் குடிக்கல்ல."

148. மறுபடி பார்த்தேன். 148. சொன்னேன்.

"ஸ்டாண்டர்ட்?"

"காலம்பற புதுசாப் பண்ணினது சார்."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அப்போ சர்க்கரை எனக்குத்தான்."