முழுதாய் விழுங்கிய ஆளி விதை

மதினி,

இன்று காலை மிக்ஸியில் ஆளி விதையை அரைத்தேன். மூடியைத் திறந்ததும் எழுந்த அந்தப் பச்சை எண்ணெய் வாசத்தில் நீங்கள் வந்து நின்றீர்கள். அண்ணனைக் கட்டி வந்த நாளிலிருந்து என்னைச் சீண்டாமல் உங்களுக்குப் பொழுது போகாது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது என்னைச் சீண்ட வீட்டில் ஆள் இல்லை. அது பெரிய குறைதான்.

கோவில்பட்டியில் கல்லூரி வேலையோடு நான் ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்த சமயம். ஆளி விதையில் லிக்னான் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதை மாற்ற நம் உடம்புக்குத் தெரியாது. பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று தொட்டு, அதை என்ட்ரோலாக்டோன் என்ற வேறொரு பொருளாக்கும். அது ரத்தத்தில் கலந்து கடைசியில் சிறுநீரில் வரும். யார் வயிற்றில் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது என் வேலை. அதற்கு விதை தின்னவும் சிறுநீர் தரவும் பெண்கள் வேண்டும். வெட்கத்தை விட்டு உங்களிடம் கேட்டேன்.

"ஏட்டி, நாத்தனாக்காரி சீர் கேப்பா, சீலை கேப்பா. நீ மூத்திரத்தக் கேக்குதியே!" என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

ஆனாலும் ஒரே வாரத்தில், உங்களோடு மிளகாய்ப் பழம் பறிக்கப் போகும் ஏழு பேரைச் சேர்த்துவிட்டீர்கள். எட்டுப் பேரின் பாட்டில்களையும் ஐஸ் போட்ட கூடையில் அடுக்கி, விளாத்திகுளத்தில் பஸ் ஏறி, மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். கூடையில் என்ன என்று கேட்ட கண்டக்டரிடம், "கஷாயம் அண்ணாச்சி, குடிக்குதீயளா?" என்றீர்களாம். பாவி மனுஷி!

முடிவு வந்தது. எட்டுப் பேருக்கும் ஒன்றுமே இல்லாத மாதிரிதான். ஒருவர் இருவருக்கு மாறாமல் போகலாம். ஒவ்வொரு வயிற்றின் குடித்தனமும் வேறு. எட்டுப் பேருக்குமா? ஆராய்ச்சியே கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் எனக்குப் புத்தி கெட்டது. நேரே வந்து, களத்தில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த உங்களிடம், "ஒருத்தரும் தின்னல. தின்னோம்னு பொய் சொல்லியிருக்கீங்க மதினி" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. முகம் மட்டும் சுண்டிப்போயிற்று. "தின்னோம் தாயி. காலையில வெந்தயம் முழுங்குவோம்லா, அதே மாதிரி மோர ஊத்தி மடக்குனு முழுங்கிட்டுத்தான் காட்டுக்குப் போனோம்."

அரைக்காத விதை போன மாதிரியே வெளியே வந்துவிடும், பாக்டீரியாவுக்கு எட்டாது. நான் கொடுத்த தாளில் 'தினமும் காலையில் இரண்டு ஸ்பூன்' என்று இருந்தது. 'அரைத்து' என்று இல்லை. வெயிலில் வேலைக்குப் போகிறவர்கள் சூடு தணிய வெந்தயத்தை முழுதாய் விழுங்கும் ஊரில் பிறந்தவள்தானே நான்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தப்பு என்னுடையது. "அரைச்சுத் திங்கணும் மதினி" என்று மட்டும் சொன்னேன், என் தப்பைச் சொல்லவில்லை.

"சரி விடு, நான் பேசுதேன்" என்று எழுந்து போனீர்கள். அந்த ஏழு பேரிடமும், "நாந்தான் கூறுகெட்டுப் போய்த் தப்பாச் சொல்லிட்டேன். அரைச்சுத் திங்கணுமாம். இன்னொரு வாட்டி செய்வோம்" என்று கெஞ்சினீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். சும்மா நின்றேன்.

இரண்டாம் தடவை எல்லாருக்கும் வந்தது. உங்களுக்குத்தான் அதிகம். கம்ப்யூட்டரில் கோடு ஏறியிருந்ததைக் காட்டினேன்.

"இம்புட்டு உசரமா! எனக்கா?"

"உங்களுக்கு இல்ல மதினி, உங்க வயித்துப் பாக்டீரியாவுக்கு."

"அப்ப இனிமே அதுகளுக்கும் சேத்து ஒரு வாய் கூடத் திங்குதேன்."

அன்று மன்னிப்புக் கேட்க நினைத்தேன். சிரிப்போடு சிரிப்பாகப் போய்விட்டது. அப்புறம் ஒருநாள் உங்களுக்கு மாரடைப்பு. கேட்க நீங்கள் இல்லை.

மனசு கேட்காமல், இன்று அரைத்த பொடியை எடுத்துக்கொண்டு உங்கள் கூட்டாளிகளைப் பார்க்கப் போனேன். "அன்னைக்குத் தப்பு மதினி மேல இல்ல. நாந்தான் தாளுல எழுதாம விட்டுட்டேன்" என்று சொல்லி, பொடியை அவர்கள் முன்னால் வைத்தேன்.

அவர்களில் மூத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் தாயி. நீ குடுத்த தாளு எங்கட்டயும் இருந்துச்சுல்லா? 'படிச்ச பிள்ளை, தலைகுனிஞ்சு நிக்கக்கூடாது. ஒருத்தியும் வாயத் தொறக்கப்படாது'ன்னு அவதான் சத்தியம் வாங்கிட்டா."

இப்போதும் யாரையாவது நம்பாமல் பேச வாயெடுத்தால், களத்தில் சுண்டிப்போன உங்கள் முகம் முன்னால் வந்துவிடுகிறது. உங்களைப் போய்ப் பொய் சொன்னீர்கள் என்றேனே மதினி. எனக்காக நீங்கள் சொன்ன பொய்யை அவர்களில் ஒருத்திகூட நம்பவில்லை. உங்கள் முகத்துக்காகத்தான் அந்த ஏழு பேரும் மறுபடி அரைத்துத் தின்றிருக்கிறார்கள்.