ஆயுத பூஜையில் வெடித்த வில்

ஜாசின்,
26.10.1996

அன்பு மகன் விமலனுக்கு அம்மா எழுதுவது. சண்டக்கானில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் தம்பி, உன் சேகரன் மாமாதான் கன்னத்தில் தையலோடு கிடக்கிறான். தீபாவளிக்கு வந்ததும் வில்லைத் தூக்கிக்கொண்டு அம்பு எய்யும் கிளப்புக்கு ஓடுவாய் என்று தெரியும், அதனால்தான் அப்பாவும் மாமாவும் மறைக்கச் சொன்னதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார்.

ஆயுத பூஜைக்கு அப்பாவின் செம்பனைக் குலை வெட்டும் நீளக் கத்தி, என் தையல் மிஷின், மாமாவின் லாரி ஸ்பேனர்களோடு இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த உன் வில்லையும் சந்தனம் குங்குமம் பூசி சாமி முன்னால் வைத்தேன். பூஜை முடிந்து மாமா உள்ளே இரண்டு பாட்டிலை இறக்கிவிட்டு வந்து வில்லை எடுத்தான். இன்றைக்கு ஆயுதத்தைத் தொட்டு வேலை செய்யக் கூடாதுடா என்று கத்தினேன். "அம்பு வச்சி வுட்டாதானேக்கா வேல? வெறுங்கயித்த இழுத்தா வேலயா ஆகாதுலா" என்றான், அப்பாவும் தலையை ஆட்டினார். காதுவரை இழுத்து விட்டான் பாவி. லாரி டயர் வெடித்த மாதிரி சத்தம், கயிறு பிய்ந்து வந்து அவன் கன்னத்தைக் காதுவரை கிழித்துவிட்டது, பொரிகடலைத் தட்டு முழுக்க ரத்தம், குத்துவிளக்கு சாய்ந்து எண்ணெய் ஓடியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரத்தம் ஒழுக ஒழுக அவனைத் துடைப்பத்தால் அடித்தேன், பிறகு அதே கையால் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதேன். கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர்.

தையல் காயுமுன்னே மாமாவும் அப்பாவும் வில்லை மோட்டார் பட்டறைக்குக் கொண்டுபோய், ஆள் வைத்து அமுக்கிப் பிடித்துப் புதுக் கயிறு மாட்டிக்கொண்டு வந்தார்கள். "புதுசு மாதிரி ஆயிருச்சிக்கா, மருமவன்கிட்ட வாயத் தொறக்காத" என்று மாமா தன் தலைமேல் என்னைச் சத்தியம் செய்ய வைத்தான். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறுகிறேன், அவன் தலைக்கு இனிமேல் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது. வில் திரும்பி வந்த அன்றைக்கே எனக்கு மனசு கேட்கவில்லை. போன வருஷம் நீ வில்லைப் பஞ்சால் தடவிக்கொண்டிருந்தபோது, கல்யாணப் பெண்ணுக்குப் பவுடர் போடுகிறாயா என்று கேலி செய்தேனே. அம்பில்லாமல் விட்டால் அந்த வேகம் முழுக்க வில்லுக்குள்ளேயே இறங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் பஞ்சுக்குத் தெரியும் என்றாய். சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, விளக்குத் திரிப் பஞ்சை எடுத்துத் தடவிப் பார்த்தேன். வளையும் இரண்டு பட்டைகளில் மேல் பட்டையில் வழுக்கிக்கொண்டு போனது. கீழ்ப் பட்டையின் உள்பக்கம், சக்கரத்துக்குப் பக்கத்தில் வெடுக்கென்று பிடித்து இழுத்தது, கோடு போட்ட மாதிரி பஞ்சு ஒட்டிக்கொண்டது. சக்கரத்தின் விளிம்பும் நெளிந்திருந்தது. இதையா நீ கன்னத்தோடு ஒட்டி இழுக்கப் போகிறாய்?

அவர்களிடம் காட்டினால், "பஞ்சு ஒட்டுனதுக்கா இவ்ளோ ஆட்டம்? இப்பவே இழுத்துக் காட்டவா?" என்று மாமா கட்டுப் போட்ட முகத்தோடு கையை நீட்டுகிறான். சப்பாத்திக் கட்டையால் அந்தக் கையில் ஒன்று போட்டேன். அவன் என்னைத் தள்ள, அப்பா அவன் சட்டையைப் பிடிக்க, நடு வீட்டில் நாற்காலி உடைந்தது. நான் வில்லைப் பிடுங்கிக்கொண்டு ஓடி ரம்புத்தான் மரத்தில் இறுக்கிக் கட்டினேன், இனி யாரும் அதை இழுக்காமல் இருக்க, எதற்கும் பாத்ரூம் சுவருக்குப் பின்னால் நின்று அப்பாவின் நீளக் கத்தியை நீட்டிக் கயிற்றை அறுத்தேன். கயிறு போனால் சும்மா தொங்கிவிடும் என்று நினைத்தேன் அய்யா. மரமே குலுங்கியது, கீழ்ப் பட்டை இரண்டாகப் பிளந்து ஒரு சிம்பு பறந்து வந்து குசினி வாசல் நிலையில் குத்தி நின்றது. நீ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாய்ந்து நின்று சாப்பிடுவாயே, அந்த நிலைதான். உன் கன்ன உயரம். மாமா அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து முகக்கட்டைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

வில் போய்விட்டது என்று என்மேல் கோபப்படு, மாமாவை அடிக்காதே, நான் போதுமான அளவு அடித்துவிட்டேன். அங்கே எந்த வில்லைத் தொட்டாலும் முதலில் பஞ்சால் தடவிப் பார். அந்தச் சிம்பை யாரையும் பிடுங்க விடவில்லை. வந்து அதன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் என்னைத் திட்டு.

கண்ணும் முகமுமாக நீ வீடு வந்து சேர ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா
தேவமலர்