நானூறு வருடக் கரி

12.04.2006, கொலோன், ஜேர்மனி

முதலாளி குறூகர் ஓர் இங்கிலாந்துக் கிராமத்தில் 'பப்' என்கிற நானூறு வருடப் பழைய மதுக்கடை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று முதல், பல் வைத்தியருக்குக் கீழே இருக்கும் சீமெந்தால் கட்டிய எங்கள் பீர்க் கடைக்கும் வயது ஏறுகிறது. ஜூனில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம். அதற்குள் திறந்தால் நான்தான் மனேஜராம். பதினொரு வருடம் கோப்பை கழுவியவனுக்கு வேறென்ன வேண்டும்?

03.05

கறுத்த உத்தரங்கள் ஏறிவிட்டன. தட்டிப் பார்த்தேன் — மரமில்லை, பெட்டிக்குள் வைத்து அடைக்கிற வெள்ளை ரெஜிபோம். நேரான நிலத்தைச் சரித்து, உயர்ந்த கூரையைத் தாழ்த்தினார்கள். முதலில் தலையை இடித்தவர் முதலாளிதான். "இதுதான் அசல்" என்று நெற்றியைத் தடவினார். நானும் அசல் என்றேன்.

19.05

ஒரு குடும்பமே உள்ளே குந்தக்கூடிய கணப்படுப்பு. புகைபோக்கி இல்லை, புகை பல் வைத்தியரிடம் போகுமாம். அதனால் ஓவியர் ஒருவர் வந்து சுவரில் கரியை வரைகிறார். புட்டு அவித்துக் கறுத்த சுவருக்கு எங்களூரில் எவனும் கூலி தந்ததில்லை.

01.06

நாளை திறப்பு. துப்புரவுக்கு ஆளில்லை என்று என் மனைவி வெரோனிக்காவைக் கூட்டிப்போனேன். நிலவறையில் பீர்ப் பீப்பாய்களை அடுக்கிவிட்டு மேலே வந்தால் — கணப்படுப்பு வெள்ளை வெளேரென்று. காசுக்கு வாங்கிய சிலந்தி வலைகள் குப்பைப் பையில்.

"புதுசாத் திறக்கிற கடை, இப்பிடி ஊத்தையாயே கிடக்கிறது? உங்களுக்குத்தானே மரியாதை எண்டு உரஞ்சினனான்."

முதலாளி வந்தார். அவளை அவர் முன்பின் பார்த்ததில்லை. "யார் இது? உன் ஆளா?"

"தெரியாது. ஏஜென்சி அனுப்பிய ஆள்" என்றேன்.

யேசுவைத் தெரியாதென்று மறுதலிக்க இராயப்பருக்கு மூன்று தரம் தேவைப்பட்டது. எனக்கு ஒன்றே போதும். நாங்கள் பேசியது டொச் மொழியில்; வெரோனிக்காவுக்கு அது நன்றாக விளங்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வெட்கங்கெட்டவன் நான்.

02.06

ஓவியர் காலையில் மறுபடி கரி பூசினார். மாலையில் ஓர் இங்கிலாந்துக்காரர் ஈரச் சுவரில் சாய்ந்து, முதுகெல்லாம் கறுத்து, ஊர் ஞாபகம் வருகிறது என்றார். நான் மனேஜர்.

11.06

வீட்டில் பேச்சில்லை. முதலாளி என்னைக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார், வெரோனிக்கா எடுத்தாள். பக்கத்தில்தான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். "பென்ஜமினா? அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது" என்று திருத்தமான டொச்சில் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இனிச் சாப்பாடும் ஏஜென்சி அனுப்பும்."

20.06

இன்று இங்கிலாந்து விளையாடுகிறது. கடையில் நிற்க இடமிராது. அதற்கு முன் சோறு வடிக்க வேண்டும்; இப்போது நான்தான் சமைக்கிறேன். குசினியில் அடுப்புக்கு மேலே சுவர் கறுத்துவிட்டது.

அது அசல்.